வலிப்புக்கும் வலிப்புக்கும் இடையே

ஆந்தையும் பூனையும் ஓடமேறிக் கடல்யாத்திரை சென்ற கதையைச் சொல்லும் ஆங்கிலப் பாட்டொன்றை நம் நாட்டுக் கல்லூரிகளின் கீழ்வகுப்புகளிலே மனனஞ் செய்யாதவர் மிகச் சிலரே. உலகெங்குமுள்ள குழந்தைகளைச் சிரிக்கவைத்த அந்தப் பாட்டின் ஆசிரியர் எட்வேட் லியர் என்பவர். 1812ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரின் அயலிலே, இருபத்தொரு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். பறவைகளை உயிரோடு கண்டாற்போல வரையவல்ல சித்திரக்காரர். 1846ஆம் ஆண்டிலே விக்டோரியா மகாராணியாருக்கே சித்திரப் பாடஞ் சொல்லிக்கொடுத்தவர். இவை யாவும் அவர் காலத்து மக்கள் அறிந்திருந்த பெருமைகள். அவர்கள் அறியாதிருந்த விஷயம் ஒன்றுண்டு. ஐந்தாறு வயதுப் பாலனாயிருந்த காலந்தொட்டு அவரைக் காக்கை வலிப்பு நோய் பற்றியிருந்தது என்பதே அது.

வலிப்பு வருவதற்குச் சற்று முன்னரே அதன் குறி அவருக்குத் தென்பட்டுவிடும். உடனே தம் அறைக்குட் சென்று தனித்திருப்பார். நண்பர்கள் ஐயுறவில்லை, விருந்துக்கு அழைத்த சீமான்களும் சீமாட்டிகளும் ஐயுறவில்லை. அவர் எழுதிய தினக்குறிப்புகளிலே மாத்திரம், வலிப்பு வந்த நாளிலெல்லாம் ஒரு பெருக்கற்குறி காணப்படும். அந்நோய்க்கு அவர் இட்டு வழங்கிய பெயர் 'பூதம்' என்று பொருள்படுவது. இத்துடன் நின்றிருந்தால் அவர் கதையை ஈண்டு எடுத்துக் கூறவேண்டியதில்லை. அடிக்கடி வந்து தம்மேற் கவிந்து கிடந்த மனத்துயருக்கும் அவர் தனியாக ஒரு பெயர் சூட்டியிருந்தார். அதனைத் தமிழிலே 'நோய்மனம்' என்று சொல்லலாம். பூதம் சில நிமிடங்களிற் போய்விடும். நோய்மனமோ நாட்கணக்காகக் குடியிருக்கும். தம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் இருவர் என்பதனை வைத்திய நூல் படியாத அந்தச் சித்திரக்காரர் நன்கு உணர்ந்திருந்தார்.

இந்த மனிதர் 1873ஆம் ஆண்டின் இறுதியிலே, இந்தியாவின் இராசப்பிரதிநிதியாயிருந்த நோத்புறூக் பிரபுவின் அழைப்பை ஏற்றுப் பம்பாயிலே வந்திறங்கினார். மறு ஆண்டிலே தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மாமல்லபுரம் ஆகிய இடங்களையெல்லாம் கண்டு வரைந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் நம் இலங்கைக்கும் வந்து சென்றார். வயது அறுபத்திரண்டு. கையிலே வர்ணப் பெட்டி. உடன் ஒரு நம்பிக்கையான வேலையாள். உள்ளத்திலே ஒருவருக்குஞ் சொல்லாத அந்த இரகசியம்.

முயலகன்

திருச்சிராப்பள்ளியிலே தங்கிய லியர், அங்கிருந்து சில மைல் தூரத்திலே கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருவாசி என்னும் சிற்றூரைப்பற்றிக் கேள்வியுற்றிருக்க நியாயமில்லை. தேவாரத்திலே திருப்பாச்சிலாச்சிராமம் எனப் பெயர் வழங்கும் தலம் அது. கொல்லி மழவன் என்னும் மன்னனுடைய மகளுக்கு 'முயலகன்' என்னும் நோய் கண்டது. செய்த சிகிச்சைகள் யாவும் பயன்படாமற்போக, தந்தை அவளை அத்தலத்துக் கோயிலிலே கொணர்ந்து கிடத்தினான். அவ்வேளை அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள். இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே விரித்துரைக்கின்றார்.

முயலகன் என்பது வலிப்பு நோய்க்குத் தமிழிலே வழங்கிய பழம்பெயர். கூத்தப் பெருமானுடைய பாதத்தின்கீழ்க் கிடக்கும் குறளுருவுக்கும் அதுவே பெயர். வடமொழியாளர் அவ்வுருவத்தை அபஸ்மாரன் என்பர். நோயை அபஸ்மாரம் என்பர். 'ஸ்மர' என்பது நினைவு. 'அப' என்பது நீங்குதல். ஆகவே நம் முன்னோர் இந்த நோய்க்குப் பெயரிட்டபோது கை கால் இழுப்பதை வைத்தன்று, நினைவு நழுவுவதை வைத்தே பெயரிட்டனர். இது சிந்திக்கத்தக்கது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பதிகத்தை எடுத்து நிதானமாகப் படிப்போர், அதிலே உடல் முறுக்குதலோ வாயில் நுரை தள்ளுதலோ பேசப்படவில்லை என்பதைக் காண்பர். இப்பெண் வாடுகின்றாளே, இது உமக்குத் தகுமா என்று இறைவனைக் கேட்கும் கேள்விதான் மீண்டும் மீண்டும் வருகின்றது. அது அகத்துறை மரபைத் தழுவிய பாடல் என்று அறிஞர் கூறுவர், உண்மைதான். எனினும், நோயுற்ற பெண்ணின் முன்னே நின்று பாடியவருடைய வாயிலே 'வாட்டம்' என்ற சொல் வந்து அமைந்திருப்பது பொருத்தமாகவே எனக்குப் படுகின்றது. ஏனெனில், வலிப்பு நோயாளருடைய வாழ்விலே வலிப்பு எடுத்திருக்கும் நேரம் மிகச் சிறிது. மாதம் ஒருமுறை, இரண்டு நிமிடம் வலிப்பு வருபவர் ஒருவரை எடுத்துக்கொண்டால், ஆண்டு முழுவதையுங் கூட்டினும் அது அரை மணி நேரத்தைத் தாண்டாது. எஞ்சிய காலம் முழுவதும் அவர் எவ்வாறிருக்கின்றார் என்பதையே நாம் கேட்பதில்லை.

காண்பதும் காணாததும்

நான் குடியிருக்கும் கொம்பனித்தெருவிலே வீடுகள் நெருக்கம், மக்களும் நெருக்கம். தமிழர், மலாயர், சோனகர், சிங்களவர் யாவரும் ஒரே ஒழுங்கையிலே கதவுக்குக் கதவு இருந்து வாழும் இடம் இது. புகையிரத நிலையத்திற்கு அருகிலோ சந்தியிலோ ஒருவர் வலிப்பு வந்து விழுந்துவிட்டால் அரை நிமிடத்திலே இருபது பேர் கூடிவிடுவர். அவர்களுள் ஒருவர் தவறாது சாவிக்கொத்தை எடுத்து விழுந்தவருடைய கையிலே திணிப்பார். இரும்பு பட்டால் வலிப்பு நீங்கும் என்ற நம்பிக்கை மொழி, மத பேதமின்றி எல்லோருக்கும் பொதுவாயிருப்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு. உண்மை யாதெனில், பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களிலே தாமாகவே அடங்குகின்றன. சாவிக்கு வீண் புகழ் கிடைக்கின்றது. சாவியினால் தீங்கில்லை. வாய்க்குட் கரண்டியைச் செருகுவதும், தண்ணீர் பருக்குவதும், கை கால்களை அமத்திப் பிடிப்பதுமே தீங்கு. தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்தி, நேரத்தைக் கவனிக்கவேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால், அல்லது அறிவு தெளியுமுன் மறுபடியும் வந்தால், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

இது தெரு அறிந்த பகுதி. மறுநாட் காலையிலே அதே மனிதர் பாயை விட்டு எழும்ப மனமின்றிக் கிடப்பதும், வேலைக்குச் சென்றவர் மத்தியானத்துக்குள் சோர்ந்துபோவதும், கடைக்கு அனுப்பினால் வாங்கவேண்டியதை மறந்து வெறுங்கையோடு திரும்புவதும், எரிந்து விழுவதும், ஒரு மூலையில் ஒதுங்கியிருப்பதும் வீட்டார் மாத்திரம் அறியும் பகுதி. இவற்றுக்கு வீட்டிலே கிடைக்கும் பெயர்கள் நோயின் பெயர்களல்ல. சோம்பல், பிடிவாதம், மந்தபுத்தி, 'குளிசை குடித்துக் குடித்து மூளை கெட்டுப்போய்விட்டது' என்பனவே. களைப்பு, மனச்சோர்வு, ஞாபகக் குறைவு ஆகிய மூன்றும் வலிப்பு நோயுடன் கூடப்பிறந்தவை. வலிப்பைப் போலவே இவற்றுக்கும் காரணம் உண்டு, பரிகாரமும் உண்டு. இதனை அறியாமையால் விளையும் துன்பம் வலிப்பினால் விளையும் துன்பத்திலும் குறைந்ததன்று.

களைப்பு

களைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்கள் ஒரே வேளையில் கட்டுக்கடங்காது மின்னைச் சொரிவதால் உண்டாவது. புயலுக்குப் பின் ஊர் கிடப்பதுபோல, வலிப்பு ஓய்ந்த பின்னர் மூளை சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள், தளர்ந்து கிடக்கும். இரவிலே நித்திரையில் மாத்திரம் வலிப்பு வருவோர் பலர் உளர். அவர்கள் அதனை அறியார்; தனியறையிற் படுப்பவரானால் வீட்டாரும் அறியார். நாக்கோரத்திலே கடிபட்ட புண், நனைந்த படுக்கை, உடல் வலி, காரணம் புரியாத அசதி ஆகியவையே சான்றுகள். நித்திரை குலைந்தால் களைப்பு. நித்திரை குலைவதே அடுத்த வலிப்பையும் தூண்டும். இப்படிச் சுழலுகின்றது சக்கரம்.

மருந்தின் பங்கும் இதிலே உண்டு. இதனை ஒளிக்கவேண்டியதில்லை, சரித்திரமே சொல்லும். 1857ஆம் ஆண்டிலே சேர் சார்ள்ஸ் லொக்கொக் என்னும் ஆங்கில வைத்தியர் புறோமைட் உப்பு வலிப்பை அடக்கும் என்று அறிவித்தார். வலிப்புக்கு உண்மையாகப் பயன்பட்ட முதல் மருந்து அதுவே. ஆனால் அளவு மிஞ்சியபோது நோயாளர் எந்நேரமும் தூங்கி வழிந்தனர், பேச்சுக் குழறியது, அறிவு மழுங்கியது. 1912ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் அல்பிரட் ஹவுப்ற்மன் என்னும் வைத்தியர் பீனோபார்பிற்றோனின் பயனைக் கண்டறிந்தார். அது மலிவானது, உறுதியானது. இன்றும் உலகெங்கும் ஏழை நாடுகளிலே கோடிக்கணக்கான குளிசைகளாக வழங்கப்படுகின்றது. அதுவும் உறக்க மருந்தின் குலத்திற் பிறந்ததே. மூளையை உறங்கவைக்காமல் வலிப்பை நிறுத்த முடியாது என்றே அக்காலத்து வைத்தியர் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தைத் தகர்த்தவர்கள் அமெரிக்க நாட்டு மெறிற், பற்னம் என்னும் இருவர். பூனைகளை வைத்துச் சோதனைகள் நடத்தி, 1938ஆம் ஆண்டிலே பெனிற்றோயின் என்னும் மருந்தை வெளிப்படுத்தினர். உறக்கம் வருவியாமலே அது வலிப்பைத் தடுத்தது. வலிப்பை அடக்குவது வேறு, அறிவை மந்தமாக்குவது வேறு என்று உலகம் அறிந்த நாள் அது.

இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் உள. அவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ரொப்பிராமேற் சிலருக்கு வாயில் வரவேண்டிய சொல்லை வராமற் செய்கின்றது. லெவற்றிராசெற்றம் சிலருக்கு எரிச்சலையும் மனத்தளர்வையும் உண்டாக்குகின்றது; வேறு பலருக்கு ஒரு குறையுமின்றி ஒத்துப்போகின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும்போது சோர்வு கூடுவது சாதாரணம். அளவைக் குறைத்தோ, நேரத்தை மாற்றியோ, வேறு மருந்து கொடுத்தோ இவற்றைச் சீர்ப்படுத்தலாம். ஆனால் அதைச் செய்பவர் வைத்தியராயிருக்கவேண்டும். களைப்பைத் தாங்காது தாமாகவே மருந்தை நிறுத்திவிடுபவர்களுக்கு வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாய் ஓயாது வந்து உயிருக்கே ஆபத்தாக முடிதல் கூடும்.

மனம்

மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது, 'இப்படி ஒரு நோய் இருந்தால் யார்தான் கவலைப்படமாட்டார்' என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். கவலைக்குக் காரணம் இருப்பது உண்மையே. வேலை போய்விடுகின்றது, மோட்டார் வண்டி ஓட்ட முடியவில்லை, கலியாணப் பேச்சு குழம்புகின்றது. ஆயினும் விஷயம் இத்துடன் முடிவதன்று. கவலைக்குரிய நிகழ்ச்சி ஒன்றுமில்லாதவரையும் சோர்வு பற்றுகின்றது. 2013ஆம் ஆண்டிலே வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வலிப்பு நோயாளர் நூற்றுவருள் ஏறக்குறைய 23 பேர் மனச்சோர்வு நோயும் உடையவர்களாயிருக்கின்றனர்.

கிரேக்க நாட்டு ஹிப்போக்கிறற்றீஸ் மரபினர் இவ்விரு நோய்களும் ஒன்றுக்கொன்று உறவினவென்று ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தனர். இன்றைய ஆராய்ச்சி அந்த உறவை உறுதிசெய்கின்றது. வலிப்பு வந்த பின் சோர்வு வருவதுமுண்டு. சோர்வு நோய் முதலில் வந்து, பல ஆண்டு கழித்து வலிப்பு தோன்றுவதுமுண்டு. காரணம் யாதெனில், கன்னப்பொறிக்கு உட்புறமாக அமைந்த மூளைப் பகுதியிலே, பயம், துயரம், ஞாபகம் ஆகியவற்றை ஆளும் உறுப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரியோரிடத்திலே வலிப்பு பெரும்பாலும் பிறப்பதும் அந்த இடத்திலேதான். ஒரே வளவுக்குள் நெருப்புப் பிடித்தால் பக்கத்து அறைக்கும் புகை செல்லாமலிருக்குமா?

ருசிய நாவலாசிரியர் தொஸ்தொயெவ்ஸ்கியும் இந்த நோயுடையவரே. வலிப்பு வந்துபோன பின்னர், தாம் ஏதோ பெருங்குற்றம் புரிந்துவிட்டவர் போன்ற உணர்ச்சி தம்மை வருத்துவதாக அவர் கூறுவார் என்று நண்பர் ஒருவர் பதிவுசெய்துள்ளார். செய்யாத குற்றத்துக்காகத் துயருறுதல்! லியரும் தம் நோய்க்குத் தம் மனவுறுதிக் குறைவே காரணமென்று தம்மை நொந்துகொண்டவரே. இவர்களுக்கு ஆறுதல் சொல்ல அக்காலத்திலே வைத்திய சாஸ்திரம் வளரவில்லை. இன்று வளர்ந்திருக்கின்றது. வலிப்பு நோயாளருக்கு மனச்சோர்வு இருக்கின்றதா என்பதை அறிய ஆறே கேள்விகள் கொண்ட சிறு வினாத்தாள் ஒன்று 2006ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வருகின்றது. விடையளிக்கச் சில நிமிடங்கள் போதும். மனச்சோர்வுக்குரிய மருந்துகள் வலிப்பைத் தூண்டிவிடும் என்னும் பழைய அச்சமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. சிலவற்றைத் தவிர ஏனையவற்றை வைத்தியருடைய மேற்பார்வையிலே அச்சமின்றி உட்கொள்ளலாம். பேச்சுவழிச் சிகிச்சையும் பயன் தருகின்றது.

சோர்வு முற்றி, வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஒருவர் வாயிலிருந்து வந்தால், அதை வெறும் பேச்சென்று தள்ளிவிடலாகாது. வலிப்பு நோயாளரிடையே தற்கொலை ஏனையோரிலும் அதிகமாக நிகழ்கின்றது என்பது நிறுவப்பட்ட உண்மை. அன்றே, அந்த வேளையே, அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இத்தகைய வேளைக்கென்றே அமைந்தது.

வகுப்பறை

ஞாபகத்தைப்பற்றி நான் சற்று விரிவாக எழுதுவதை வாசகர்கள் பொறுத்தருளவேண்டும். ஆசிரியத் தொழிலிலே இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுடைய ஞாபகத்தோடு மல்லுக்கட்டுபவன் நான்.

மூளையின் எப்பகுதி ஞாபகத்தை ஆக்குகின்றது என்பதை உலகம் கற்றுக்கொண்டதே ஒரு வலிப்பு நோயாளரிடமிருந்துதான். ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்க இளைஞருக்கு 1953ஆம் ஆண்டிலே, வலிப்பை நிறுத்தும் நோக்கத்துடன், மூளையின் இருபுறத்தும் உட்பக்கத்தே உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியை வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றுதொட்டுப் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்திலே தங்கவில்லை. பிறெண்டா மில்னர் என்னும் உளநூல் அறிஞர் பல ஆண்டுகளாக அவரை ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு அந்த அம்மையார் புதியவராகவே தோன்றினார். பழைய ஞாபகங்கள் இருந்தன. பேச்சும் அறிவும் குன்றவில்லை. 2008ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை இந்நிலை மாறவில்லை. அவருக்கு நேர்ந்தது அளவிறந்த இழப்பு. அதே உறுப்பிலே வலிப்பு அடிக்கடி தாக்குமானால், அளவிற் சிறிதாயினும் அத்தகைய தடுமாற்றம் உண்டாவதில் வியப்பென்ன? நேற்று மனனஞ் செய்த செய்யுள் இன்று வராமற்போவதற்குப் பிள்ளையின் அசிரத்தை ஒன்றே காரணமென்று கொள்வதற்கில்லை.

ஆசிரியர்கள் சிறப்பாக அறியவேண்டிய வலிப்பு வகை ஒன்றுண்டு. அதிலே பிள்ளை விழுவதில்லை. கை கால் இழுப்பதுமில்லை. பேசிக்கொண்டிருக்கையிலே பத்துப் பதினைந்து விநாடி கண் இமைக்காமல் வெறித்து நோக்கும். பின் ஒன்றும் நடவாததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளிலே பல பத்து முறை இவ்வாறு நிகழலாம். சொல்வதெழுதலிலே நடுவில் நான்கு சொற்கள் காணாமற்போயிருக்கும். 'பராக்குப் பார்க்கிறான்' என்று எழுதிவிடுகின்றோம். மூளை மின்னலைப் பதிவு எடுத்தாலோ விநாடிக்கு மூன்று வீதம் எழும் அலைகள் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வகைப் பிள்ளைகளிடத்தே எதோசக்சிமைட், வால்ப்ரோயேற் என்னும் இரு மருந்துகளும் வலிப்பை ஏறத்தாழ ஒரே அளவிலே அடக்கின எனவும், ஆனால் முன்னதை உட்கொண்ட பிள்ளைகளின் கவனசக்தி மேம்பட்டிருந்தது எனவும் 2010ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளியான பெரிய பரிசோதனை ஒன்று காட்டியது. வலிப்பு நின்றதா என்று மாத்திரம் கேட்டிருந்தால் இவ்வேற்றுமை வெளிப்பட்டிராது. பிள்ளை வகுப்பிலே எப்படியிருக்கின்றது என்று கேட்டதனாலேயே வெளிப்பட்டது.

என்னிடம் கற்ற மாணவன் ஒருவனுடைய தேர்ச்சி அறிக்கையை நினைத்துக்கொள்கின்றேன். கணிதத்திலே முன்னணியில் நின்றவன். பத்தாம் வகுப்பிலே படிப்படியாகச் சரிந்தான். 'ஊக்கம் போதாது' என்று மூன்று தவணைகளிலும் மூன்று கையெழுத்துகள் எழுதியிருந்தன. தாயார் ஒருநாள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மருந்தின் அளவு கூட்டப்பட்டபின் வலிப்பு முற்றாக நின்றுவிட்டதாம். ஆகவே கிளினிக்கிலே 'சுகம்' என்று சொல்லித் திரும்பிவிடுவார்களாம். பிள்ளை மாலையிலே புத்தகத்தின்மேல் தலைவைத்து உறங்குவதையும், தனியே அழுவதையும் அங்கு சொல்லத் தோன்றவில்லை. அவை வலிப்பைச் சேர்ந்தவையென்று அவர் எண்ணவேயில்லை. சொன்ன பின்னர் மருந்து மாற்றப்பட்டது, உளமருத்துவரிடமும் அனுப்பப்பட்டான். முன்போல முதலிடத்துக்கு அவன் திரும்பினான் என்று எழுதினால் கதை இனிக்கும். அவ்வாறு நடக்கவில்லை. பரீட்சைக்கு ஓராண்டு பிந்தித் தோற்றினான், சித்தியடைந்தான், இன்று தொழில் பார்க்கின்றான். அழுகை நின்றது என்று தாயார் சொன்னதையே நான் பெரிதாகக் கொள்கின்றேன்.

நம் நாட்டு ஆராய்ச்சியாளரின் பங்கையும் இவ்விடத்திலே குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. பேராதனையிலே பணியாற்றிய நரம்பியல் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க, உணவு உண்ணும்போது வரும் வலிப்பையும், கணக்குச் செய்தல் போன்ற சிந்தனை வேலையினால் தூண்டப்படும் வலிப்பையும் ஆராய்ந்து 1989, 1990ஆம் ஆண்டுகளையொட்டி உலகச் சஞ்சிகைகளிலே எழுதியவர். சிந்தனைக்கும் வலிப்புக்கும் உள்ள நெருக்கத்துக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் என் மாணாக்கர் இதனைச் சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வகை வலிப்பு மிக அரிது.

ஒளித்தல்

லியர் தம் நோயை வாழ்நாளெல்லாம் ஒளித்தார். ஒளிப்பதற்கு அவர் செலவிட்ட முயற்சியே தனிப்பெருஞ் சோர்வாய் இருந்திருக்கும். நம் குடும்பங்களிலும் ஒளித்தல் குறைந்தபாடில்லை, பெண்பிள்ளையாயின் கேட்கவேண்டியதேயில்லை. இந்தியாவிலே இந்து விவாகச் சட்டத்தில், வலிப்பு நோய் பைத்தியத்தோடு சேர்த்து விவாகத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை நீக்குவது எளிது. தரகருடைய வாயிலிருந்தும் மாமியாருடைய மனத்திலிருந்தும் நீக்குவதற்கு இன்னும் காலஞ் செல்லும் போலும்.

ஒளித்தலால் வரும் மெய்யான கேடு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். புகுந்த வீட்டார் காணாதவாறு குளிசையை ஒளித்துக் குடிக்க முயன்று, நேரந் தவறி, ஈற்றிலே விட்டுவிடும் பெண்கள் உளர். வால்ப்ரோயேற் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யவல்லது; ஆதலின் மணமாகும் வயதுள்ள பெண் அதனை உட்கொள்பவளாயின், கருத்தரிக்குமுன்பே வைத்தியரோடு பேசி வேறு மருந்துக்கு மாறுவது பற்றித் தீர்மானித்தல் வேண்டும். ஒளிப்பவர் எவரிடம் பேசுவார்?

கிளினிக்கிலே

கொம்பனித்தெருவிலிருந்து யூனியன் பிளேஸ் வழியே சென்று, லிப்டன் சுற்றுவட்டத்தைக் கடந்தால் தேசிய வைத்தியசாலை. இரண்டு மைல் தூரமும் இராது. முன்னாளிலே பெரியாஸ்பத்திரி என்று நாம் வழங்கியது அதுவே. வலிப்பு நோய்க்கென அங்கே சவூதி அரேபிய நிதியுதவியுடன் தனிக் கட்டடமே எழுந்திருக்கின்றது. உலகிலே ஏறக்குறைய ஐந்து கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாகவும், உரிய மருந்து கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம் எனவும் உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. வறிய நாடுகளிலே பலருக்கு ஒரு குளிசைதானும் கிடைப்பதில்லை. நம் நாட்டிலோ அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இடையிடையே மருந்துத் தட்டுப்பாடு வருவது வேறு விஷயம். அக்காலங்களிலே, கிடைத்த கொம்பனி மருந்தை வைத்தியரைக் கேளாமல் மாற்றாதிருப்பது நன்று.

கிளினிக்கிலே கூட்டம் அதிகம். வைத்தியருக்கும் நோயாளருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. 'வலிப்பு வந்ததா?' 'இல்லை, ஐயா.' 'அதே மருந்து.' அத்துடன் முடிந்தது. இதற்கு வைத்தியரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. சொல்லாததை அவர் எவ்வாறு அறிவார்? லியரைப் போல ஒரு கொப்பி வைத்துக்கொள்வதே வழி. ஒரு ரூல் கொப்பி போதும். வலிப்பு வந்த நாளுக்கு ஒரு பெருக்கற்குறி; அதனோடு நில்லாமல், இரவு எத்தனை மணி நேரம் நித்திரை, பகலிலே எப்போது களைப்பு, குளிசை குடித்த நேரம், எதை மறந்தது, மனம் எப்படியிருந்தது என்பவற்றை இரண்டொரு சொல்லிலே எழுதிவரவேண்டும். நோயாளரே எழுத முடியாவிட்டால் தாயோ மனைவியோ தமையனோ எழுதலாம். பிள்ளையானால் வகுப்பாசிரியரிடமும் ஒரு வரி கேட்டு வாங்கலாம், அவர் மறுக்கமாட்டார்.

கிளினிக் நாளுக்கு முதல்நாள் இரவிலே அந்தக் கொப்பியைப் பார்த்து, முக்கியமான இரண்டு மூன்று விஷயங்களை ஒரு துண்டுக் கடதாசியிலே எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்து வைக்கவேண்டும். உள்ளே சென்றதும், வைத்தியர் பேனாவை எடுக்குமுன்பே, அக்கடதாசியை அவர் மேசைமீது வைத்துவிடவேண்டும். கதவடியிலே வந்த பிறகு ஞாபகம் வந்தால், வரிசையில் அடுத்தவர் கதிரையிலே அமர்ந்திருப்பார்.